விசுவாசப் பிரமாணம்: சொல்லும் பொருளும்

கத்தோலிக்கர் தாம் எதை நம்புகிறார்கள் என்பதைத் திருச்சபையின் பெயரால் சுருக்கமாக எடுத்துரைக்கும் வாசகமே விசுவாசப் பிரமாணம் ஆகும். மலையகத் தோட்டங்களில் மாலைச் செபமாலையைத் தொடங்கும் பெரியவர், மாலையின் நுனியிலுள்ள பாடுபட்ட சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் சொல்வது இதைத்தான்; ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அதற்கு வழங்கும் பெயர் விசுவாச மந்திரம். அண்மைக்கால நூல்களில் நம்பிக்கை அறிக்கை என்றும் காண்கிறோம்.

இலத்தீனில் இதன் பெயர் 'கிரேதோ'. வாசகத்தின் முதற்சொல்லே பெயராக நின்றுவிட்டது. விசுவசிக்கிறேன் என்பது அதன் பொருள். இச்சொல்லும் வடமொழியின் 'சிரத்தா'வும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிவு. அந்தச் 'சிரத்தா'தான் தமிழில் சிரத்தை ஆயிற்று. கிரேக்கத்தில் இது 'சிம்போலோன்', அதாவது இருவர் ஒருவரையொருவர் அடையாளம் காண்பதற்காக இரண்டாக உடைத்து வைத்துக்கொள்ளும் சின்னம்.

பிரமாணம் என்பதற்கு அளவை, சான்று என்னும் பொருள்கள் உண்டெனினும், இலங்கைத் தமிழர் காதில் முதலில் ஒலிப்பது சத்தியப்பிரமாணமே. அப்பொருள் இங்கு மிகவும் பொருந்துகிறது. ஏனெனில் இவ்வாசகம் பிறந்த இடம் திருமுழுக்குத் தொட்டி. பிதாவை, சுதனை, பரிசுத்த ஆவியை விசுவசிக்கிறீர்களா என்று மும்முறை கேட்க, விசுவசிக்கிறேன் என்று மும்முறை விடை சொல்லும் பழைய உரோமை வழக்கமே வளர்ந்து, பன்னிரண்டு கூறுகளாக எண்ணப்படும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமாயிற்று. அப்போஸ்தலர் பன்னிருவரும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள் என்பது பிற்காலக் கதை. இன்றும் குழந்தையின் திருமுழுக்கில் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் இவ்வினாக்களுக்கு விடையளிக்கிறார்கள். உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய இரவின் வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் எரியும் மெழுகுதிரியோடு சபை முழுவதும் அந்த வாக்குறுதியைப் புதுப்பிக்கிறது.

மந்திரம் என்ற சொல்லைச் சிலர் ஒதுக்குவர். பொருளறியாமல் உருப்போடுவது என்ற நிழல் அதில் விழுவது உண்மைதான். ஆயினும் "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப" என்கிறது தொல்காப்பியம். ஆதித் திருச்சபையில் திருமுழுக்குப் பெறவிருந்தோர் இவ்வாசகத்தை ஏட்டில் எழுதாமல் வாய்மொழியாகவே பெற்று, மனத்திலிருத்தி, ஆயர் முன் ஒப்புவித்தனர் என்பதை நினைத்தால், மறைமொழி என்பது எவ்வளவு நெருங்கி வருகிறது!

ஞாயிறு திருப்பலியில் சொல்லப்படும் நீண்ட வாசகம் வேறொரு தேவையால் எழுந்தது. சுதன் படைக்கப்பட்டவர் என்று அலெக்சாந்திரியாவின் குரு ஆரியு போதித்தபோது, 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சுதன் "பிதாவோடு ஒரே பொருளானவர்" என்று அறுதியிட்டனர். பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி 381இல் ஆயர்கள் கூடிய கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு விரிந்தது. கிரேக்க மூலத்தில் "விசுவசிக்கிறோம்" என்று ஆயர்கள் பேசுகிறார்கள். வழிபாட்டிலோ அது "விசுவசிக்கிறேன்" என ஒருமையாயிற்று. சங்கத்தின் தீர்ப்பு அவரவர் வாக்குறுதியாக மாறிய இடம் அது.

ஆகவே தமிழில் ஒன்றைத் தேர்வதானால், பிறர்முன் வெளிப்படச் சொல்லுதலைக் குறிக்கும் நம்பிக்கை அறிக்கை தெளிவானது. ஆணையின் கனத்தைக் காப்பது விசுவாசப் பிரமாணம். என் சார்பு பின்னதற்கே. செபங்களோடு சேர்த்து இதை மனனம் செய்தாலும், இதில் வேண்டுதல் ஒன்றும் இல்லை. திருப்பலியில் மறையுரைக்குப் பின் இது நிற்கிறது. மன்றாட்டுகள் இதை முடித்த பிறகுதான் தொடங்குகின்றன.