ஸ்டாய்க்கியோமெட்ரி: விகிதமா, அளவையா?

ஆங்கில வழியில் வேதியியல் படித்தவர்களுக்கு வாயில் நுழையாத சொல் ஸ்டாய்க்கியோமெட்ரி. தமிழ்நாட்டில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அதே இடத்தில் ‘வேதிவினைக்கூறு விகிதம்’ என்று ஒரு நீளமான தொடர் வந்து நிற்கும். எது எவ்வளவு சேர்ந்தால் எது எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போடுவது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மூலச் சொல்லில் விகிதம் என்ற பேச்சே கிடையாது.

மூலம் கிரேக்கம். மெட்ரான் என்றால் அளவு. ஸ்டாய்க்கியோன்தான் சுவாரசியமானது: வரிசை என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல், மொழியின் எழுத்துகளைக் குறித்தது, அப்புறம் எழுத்துகள் கூடிச் சொல்லாவதுபோல் எவை கூடி இந்த உலகம் ஆகிறதோ அவற்றுக்கும், அதாவது நிலம், நீர், தீ, காற்றுக்கும், பிளேட்டோ காலத்திலேயே பெயராகிவிட்டது. இரண்டையும் ஒட்டி 1792இல் இந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஜெர்மானிய வேதியியலர் ஜெரமியாஸ் பெஞ்சமின் ரிக்டர் (நிலநடுக்கத்துக்குச் சொல்கிறோமே, அந்த ரிக்டர் வேறு). அப்போது டால்டனின் அணுக்கொள்கைகூட வரவில்லை, மோல் (துகள்களின் எண்ணிக்கையை வைத்துப் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) என்ற கருத்தும் இல்லை. இத்தனை நிறை அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை நிறை காரம் வேண்டும் என்று நிறுத்து நிறுத்துப் பார்த்துத்தான் அவர் ‘தனிமங்களை அளக்கும் கலை’ என்று பெயர் வைத்தார்.

இலங்கைப் பாடநூல்களில் இதற்குப் பீசமானம் என்று பெயர். பீசம் என்றால் விதை, மூலம். மானம் என்றால் அளவு. வடசொல்தான், ஆனாலும் கிரேக்கச் சொல்லின் இரண்டு பாதியும் அப்படியே உள்ளே இருக்கின்றன, பீசமானக் குணகம் (சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் வரும் எண்) என்று சிக்கலில்லாமல் ஒட்டவும் வைக்கலாம். வேதிவினைக்கூறு விகிதம் என்பதோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், மூச்சு வாங்கும். ‘வேதியளவியல்’ என்று சுருக்கலாமே என்றால் அது வேதியியல் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு அலசும் கெமோமெட்ரிக்ஸ் என்ற வேறொரு துறைக்குத்தான் பொருந்தும். என்னைக் கேட்டால் பீசமானம், வடசொல் வேண்டாதவர்களுக்குத் தனிம அளவையியல்.

‘விகிதம்’ என்ற சொல்மேல் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு, கலவைக் கணக்குக்கு வந்தால் அது தெரியும். சேர்மத்துக்குள் விகிதம் மாறாது, கலவைக்கோ அப்படி ஒரு கட்டாயமும் இல்லை, எதை எவ்வளவு வேண்டுமானாலும் கலக்கலாம். மாறாத விகிதத்தைப் பிடித்துக்கொண்டு மாறும் விகிதத்தைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை, இரண்டையும் விகிதம் என்றே சொன்னால் படிக்கிறவர் எதைப் பிடிப்பார்? கலவையில் இருப்பதை ‘இயைபு’ என்று சொல்வது நல்லது. செய்யுளில் அடிகளின் கடைசி ஒன்றி வருவதற்கும் அதே பெயர்தான், இயைந்து நிற்பது என்ற பொருள் இரண்டுக்கும் பொது.

சமையல் சோடாவும் நீரற்ற சோடியம் கார்பனேட்டும் கலந்த தூள் 10 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வெள்ளை, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. நிறை மாறாமல் நிற்கும்வரை சூடாக்கினால் சமையல் சோடா மட்டும் சிதைந்து, கார்பனேட்டாக மாறி, நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடும். ஏற்கெனவே இருந்த கார்பனேட் அந்தச் சூட்டுக்கு அசையாது. ஆறியபின் நிறுத்தால் 6.9 கிராம், ஆக 3.1 கிராம் காணவில்லை. சமன் செய்த சமன்பாட்டின்படி 2 மோல் சமையல் சோடா, அதாவது 168 கிராம், சிதைந்தால் 18 கிராம் நீரும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் போகும், மொத்தம் 62. அப்படியானால் 3.1 கிராம் போக 8.4 கிராம் இருந்திருக்க வேண்டும். நிறைப்படி 84 சதவீதம் சமையல் சோடா, மீதி 1.6 கிராம் கார்பனேட். இதையே மோல் கணக்கில் கேட்டால் சமையல் சோடா 0.1 மோல் (8.4 ÷ 84), கார்பனேட் 0.015 மோல் (1.6 ÷ 106), அதாவது சமையல் சோடா ஏறக்குறைய 87 சதவீதம். எந்த சதவீதம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 10 கிராமும் முழுக்கச் சமையல் சோடாவாகவே இருந்தாலும் 3.69 கிராமுக்கு மேல் குறையாது. அதைத் தாண்டிக் குறைந்தால் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பயனில்லை, தூள் ஈரமாக இருந்திருக்கும், அல்லது கார்பனேட் என்று நினைத்தது பத்து மூலக்கூறு படிக நீரைச் சுமந்திருக்கும் சலவை சோடாவாக இருந்திருக்கும்.