லிங்க் டவுன்னா முதல்ல வெளிச்சத்தை அளந்து பாருங்க

ரெண்டு பில்டிங், நடுவுல ஆறு கிலோமீட்டர் ஃபைபர், அதாவது வெளிச்சத்துல டேட்டா போற கண்ணாடி இழை, ரெண்டு முனையிலயும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். திடீர்னு லிங்க் டவுன். உடனே எஸ்எஃப்பியை, அதாவது ஸ்விட்ச்ல சொருகுற, சிக்னலை வெளிச்சமா மாத்துற குட்டி மாட்யூலை கழட்டி மாட்டுவாங்க, பேட்ச் கார்டை (ஸ்விட்சுக்கு வர்ற குட்டி ஃபைபர் வயர்) மாத்துவாங்க, அதுக்கும் வரலன்னா ஸ்விட்சையே ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, நடுவுல எப்பவோ லிங்க் வந்துடும், எதனால வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அடுத்த வாரம் திரும்பவும் போகும். இப்படி குருட்டாம்போக்குல மாத்திப் பாக்க ஃபைபர்ல அவசியமே இல்லங்க. கண்ணாடிக்குள்ள எவ்வளவு வெளிச்சம் போகுது, எவ்வளவு வந்து சேருதுன்னு அந்த எஸ்எஃப்பியே அளந்து வெச்சிருக்கும், நாம கேக்கணும், அவ்வளவுதான்.

உள்ள நடக்கிற விஷயம் ரொம்ப சிம்பிள். தூரத்துக்கு போடுற சிங்கிள் மோட் இழையோட மொத்த கண்ணாடி விட்டம் 125 மைக்ரான், அதுல வெளிச்சம் போற நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான் சொச்சம். நடுக்கண்ணாடியோட ஒளிவிலகல் எண் சுத்தி இருக்கிற கண்ணாடியை விட ஒரு துளி அதிகம், அதனால ஓரத்துல சாய்வா வந்து படுற வெளிச்சம் வெளிய போகாம உள்ளயே திரும்பிடும், பிளஸ் டூ ஃபிசிக்ஸ்ல படிச்ச முழு அக எதிரொளிப்பு தான் இது. ஆனா கண்ணாடி சுத்தமா இல்லன்னா இந்த ட்ரிக்கால பிரயோஜனம் இல்ல. 1966-ல சார்லஸ் காவ் சொன்னது அதைத்தான், கண்ணாடியில இருக்கிற அசுத்தத்தை எடுத்துட்டு கிலோமீட்டருக்கு 20 டெசிபல் லாஸுக்குள்ள (வழியில குறையுற வெளிச்சம் தான் லாஸ்) கொண்டு வந்தா இதுல பேச முடியும்னு. 20 டெசிபல்னா நூத்துல ஒரு பங்கு தான் மிஞ்சும்! 1970-ல கார்னிங் கம்பெனி 17 டெசிபலுக்கு கொண்டு வந்தாங்க, இன்னிக்கு 1310 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்துல கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் தான் போகுது. காவ்க்கு நோபல் பரிசு 2009-ல தான் குடுத்தாங்க, கொஞ்சம் லேட்டு.

இந்த டெசிபல் கணக்கை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா போதும். 3 டெசிபல் போச்சுன்னா வெளிச்சம் பாதி, 10 போச்சுன்னா பத்துல ஒண்ணு. டிபிஎம்ங்கிறது வெளிச்சத்தோட பவரை சொல்ற அளவு, 0 டிபிஎம்னா ஒரு மில்லிவாட், மைனஸ் 10 டிபிஎம்னா அதுல பத்துல ஒரு பங்கு. மைனஸ் 40-ன்னு காட்டுச்சுன்னா அது அளவே இல்ல, இருட்டுன்னு அர்த்தம்.

சாதாரண டூப்ளெக்ஸ் லிங்க்ல ரெண்டு கோர், அதாவது ரெண்டு இழை இருக்கும், ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வர்றதுக்கு. அதனால பாக்க வேண்டிய நம்பர் மொத்தம் நாலு: இந்தப் பக்க டிஎக்ஸ் (அனுப்புற பவர்), அந்தப் பக்க ஆர்எக்ஸ் (வாங்குற பவர்), அந்தப் பக்க டிஎக்ஸ், இந்தப் பக்க ஆர்எக்ஸ். நிறைய பேர் ஒரு ஸ்விட்ச்ல மட்டும் லாகின் பண்ணி ரெண்டு நம்பரை பாத்துட்டு முடிவு பண்ணிடுறாங்க, அதுல பாதி கதை தான் இருக்கும்.

இப்ப 10ஜி எல்ஆர், அதாவது 10 கிகாபிட் வேகத்துல 10 கிலோமீட்டர் வரைக்கும் போற எஸ்எஃப்பி மாட்யூல்னு வெச்சுக்கங்க. ஸ்டாண்டர்டு படி அது அனுப்புறது மைனஸ் 8.2-லேர்ந்து பிளஸ் 0.5 டிபிஎம்குள்ள இருக்கணும், வாங்குற பக்கம் மைனஸ் 14.4 வரைக்கும் வந்தா போதும். நம்ம ஆறு கிலோமீட்டருக்கு கிலோமீட்டருக்கு 0.4 போட்டா 2.4 டெசிபல், நாலு கனெக்டர் ஜோடிக்கு தலா அரை டெசிபல் போட்டா 2, நாலு ஸ்ப்ளைசுக்கு (இழையை உருக்கி ஒட்டுன இடம்) தலா 0.1 போட்டா 0.4, ஆக மொத்தம் 4.8. அந்தப் பக்கம் மைனஸ் 2-ல அனுப்புதுன்னா இந்தப் பக்கம் மைனஸ் 7 பக்கத்துல வரணும். மைனஸ் 13 வருதுன்னா லிங்க் அப்ல தான் இருக்கும், பச்சை லைட்டும் எரியும், ஆனா 6 டெசிபல் எங்கயோ ஒழுகுது, அதாவது வர வேண்டிய வெளிச்சத்துல கால்வாசி தான் வருது, சிஆர்சி எர்ரர், அதாவது கெட்டுப்போய் வர்ற டேட்டாவோட எண்ணிக்கை, ஏற ஆரம்பிச்சா ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. ஒரு விஷயம், எஸ்எஃப்பி காட்டுற நம்பர் 3 டெசிபல் முன்னப்பின்ன இருக்கலாம்னு அதோட ஸ்டாண்டர்டே ஒத்துக்குது, அதனால அரை டெசிபல், ஒரு டெசிபலுக்கு எல்லாம் அதை நம்பி சண்டை போடாதீங்க, பவர் மீட்டர் வெச்சு பாருங்க.

ஒரு திசையில மட்டும் இருட்டு, எதிர் திசை நல்லா இருக்குன்னா பெரும்பாலும் அந்த ஒரு கோர்ல தான் பிரச்சனை, எல்ஐயுல, அதாவது கேபிள் வந்து முடியுற பெட்டியில, பிக்டெயில் (கேபிள் இழையோட ஒட்டுற, கனெக்டர் வெச்ச குட்டி இழை) உடைஞ்சிருக்கலாம், இல்ல யாராவது பேட்ச் கார்டை தப்பான போர்ட்ல மாட்டியிருக்கலாம். ரெண்டு திசையும் ஒரே நேரத்துல இருட்டுன்னா, ரோட்டுல ஜேசிபி வேலை பாக்குதான்னு விசாரிக்கிறதுக்கு முன்னாடி எதிர்ப்பக்க ஸ்விட்சுக்கு கரண்ட் இருக்கான்னு ஒரு போன் போட்டு கேட்டுடுங்க. புதுசா போட்ட லிங்க்குன்னா போற கோரும் வர்ற கோரும் மாறியிருக்கலாம், ஒரு முனையில மட்டும் எல்சி கனெக்டரோட ரெண்டு காலையும் மாத்திப் போட்டா வந்துடும்.

நாலு நம்பரும் நல்லா இருக்கு, ஆனா லிங்க் வரலயா? அப்ப கண்ணாடியை விட்டுடுங்க. ஒரு பக்கம் 1ஜி மாட்யூல், மறு பக்கம் 10ஜியா இருக்கும், இல்ல ஒரு பக்கம் ஆட்டோ நெகோஷியேஷன் (ரெண்டு முனையும் தங்களுக்குள்ள பேசி செட்டிங்கை முடிவு பண்றது) ஆன், மறு பக்கம் ஆஃப், 1ஜில இது ஒரு பக்கம் அப், ஒரு பக்கம் டவுன்னு விநோதமா நிக்கும். பவர் நம்பர் வெளிச்சத்தோட அலைநீளத்தை சொல்லாதுங்கிறதையும் மறந்துடாதீங்க. பைடைல, அதாவது ஒரே கோர்ல ரெண்டு திசையும் போற மாட்யூல்ல, 1310-ல அனுப்புறதுக்கு எதிர்ல 1310-ஐ வாங்குற ஜோடி இருக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே மாடலை மாட்டிட்டா ஜென்மத்துக்கும் லிங்க் வராது. 40 கிலோமீட்டர் ஈஆர் மாட்யூலை பக்கத்து ரேக்குக்கு போட்டாலும் தகராறு தான், அதோட ரிசீவர் மைனஸ் 1 டிபிஎம்க்கு மேல தாங்காது, காதுகிட்ட வந்து கத்துனா என்ன சொல்றாங்கன்னே புரியாது பாருங்க, அந்த மாதிரி. நடுவுல வெளிச்சத்தை குறைக்கிற ஒரு 10 டெசிபல் அட்டனுவேட்டர் போட்டா சரியாயிடும்.

லாஸ் அதிகமா இருக்குன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது தூசியைத்தான். எல்சி கனெக்டர் முனையில தெரியுற வெள்ளை செராமிக் 1.25 மில்லிமீட்டர், அதுக்கு நடுவுல 9 மைக்ரான்ல தான் மொத்த டிராஃபிக்கும் போகுது. தலைமுடியே அதை விட பல மடங்கு தடிமன், அப்ப கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு நடுவுல உக்காந்தா வழியே அடைஞ்சுடும். இன்னொரு கொடுமை, தூசியோட சேத்து அழுத்தி மாட்டுனா அது ரெண்டு கண்ணாடி முகத்துக்கும் நடுவுல நசுங்கி கீறல் போட்டுடும், அப்புறம் எவ்வளவு துடைச்சாலும் போகாது. சட்டை முனையில துடைக்கிற பழக்கத்தை விட்டுடுங்க, கிளிக் பண்ற கிளீனர் பேனா ஒண்ணு பையில இருக்கட்டும். பாக்கெட்ல இருந்து இப்பதான் பிரிச்ச புது பேட்ச் கார்டையும் துடைச்சுட்டு தான் மாட்டணும், அந்த பிளாஸ்டிக் மூடிக்குள்ளயே அழுக்கு இருக்கும். துடைக்கிறதுக்கு முன்னாடி லேசரை ஆஃப் பண்ணிடுங்க, முனையை கண்ணுகிட்ட கொண்டு போய் பாக்கவே கூடாது, 1310 கண்ணுக்கு தெரியாது, போன் கேமராலயும் தெரியாது, தெரியலங்கிறதால வரலன்னு ஆகிடாது.

அடுத்து பேட்ச் கார்டோட கலரை பாருங்க. மஞ்சள்னா சிங்கிள் மோட், ஆரஞ்சும் அக்வாவும் மல்டி மோட். மல்டி மோட்ல நடுப்பகுதி பெரும்பாலும் 50 மைக்ரான், அதுல பரவி வர்ற வெளிச்சம் 9 மைக்ரானுக்குள்ள நுழையணும்னா பெரும்பங்கு வெளிய சிந்திடும், எதிர் திசையில 9-லேர்ந்து 50-க்கு போறப்ப ஒண்ணும் ஆகாது. ஒரு திசை மட்டும் டல்லா இருந்தா இதையும் ஒரு தடவை பாத்துடுங்க. பச்சை கனெக்டரை நீலத்தோட மாட்டுறதும் அதே ரகம், பச்சையோட முகம் 8 டிகிரி சாய்வா தேய்ச்சது, நீலத்தோடது நேரானது, ரெண்டும் ஒட்டாம நடுவுல இடைவெளி விழுந்துடும்.

ரேக்குக்குள்ள எல்லாம் சுத்தம், பேட்ச் கார்டும் மாத்தியாச்சு, லாஸ் அப்படியே இருக்குன்னா தான் ஓடிடிஆர், அதாவது இழையில எங்க பிரச்சனைன்னு தூரத்தோட காட்டுற கருவியை எடுக்கணும். எடுத்த எடுப்புல அதை தூக்கிட்டு வர்றது எனக்கு பிடிக்காது, ஆனா அது செய்ற வேலை அழகு. ஒரு முனையில இருந்து குட்டி குட்டி வெளிச்சத் துடிப்பை அனுப்பும், கண்ணாடி முழுக்க ராலே சிதறல் நடக்கும், வானம் நீலமா தெரியுறதுக்கு காரணமான அதே சிதறல், அதுல ரொம்ப கொஞ்சம் திரும்பி வரும், எவ்வளவு நேரத்துல எவ்வளவு வந்துச்சுன்னு வெச்சு கோடு போடும். கண்ணாடிக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அதனால போயிட்டு வர 10 மைக்ரோ செகண்ட் ஆனா இடம் ஒரு கிலோமீட்டர் தள்ளி. ஸ்ப்ளைஸ் வந்தா கோடு சின்னதா ஒரு படி இறங்கும், கனெக்டர் வந்தா முள்ளு மாதிரி எழும்பும், கேபிள் வெட்டுப்பட்டிருந்தா அந்த இடத்துல கோடு தரைக்கு விழுந்துடும். 1310, 1550 ரெண்டுலயும் எடுங்க, 1550-ல மட்டும் லாஸ் ரொம்ப கூடுதலா தெரிஞ்சா அங்க ஸ்ப்ளைஸ் கெட்டுப் போகல, கேபிள் எங்கயோ மடங்கியிருக்கு, ஏன்னா நீளமான அலை வளைவுல சீக்கிரம் வெளிய கசிஞ்சுடும். மாட்டுறதுக்கு முன்னாடி எதிர் முனையை ஸ்விட்ச்லேர்ந்து கழட்டிடணும், இல்லன்னா அந்த துடிப்புல எஸ்எஃப்பியோட ரிசீவர் போயிடலாம்.

ஓடிடிஆர் 3.2 கிலோமீட்டர்னு சொன்ன உடனே பைக் மீட்டர்ல 3.2 பாத்து குழி தோண்ட சொல்லாதீங்க. கேபிளுக்குள்ள இழை கொஞ்சம் தளர்வா சுத்தி போறதால கேபிள் நீளத்தை விட இழை நீளம் அதிகம், அது போக ஒவ்வொரு சேம்பர்லயும் போஸ்ட்லயும் பத்து இருபது மீட்டர் சுருட்டி விட்டிருப்பாங்க. அதனால தெரிஞ்ச ஒரு ஜாயிண்ட் பாக்ஸ் ஓடிடிஆர் கோட்டுல எங்க படியா தெரியுதுன்னு கண்டுபிடிச்சு, அங்கேர்ந்து எத்தனை மீட்டர்னு எண்ணுங்க, அப்ப தேட வேண்டிய தூரம் ரொம்ப குறைஞ்சுடும். அதுவரைக்கும் யூசர் எல்லாம் காத்திருக்க வேண்டாம், ஆறு கோர் கேபிள்ல ரெண்டு தான் ஓடும், மீதி நாலுல நல்ல ரெண்டை பவர் மீட்டர்ல பாத்து அதுல மாத்தி விட்டுட்டு, மாத்துனதை எல்ஐயு மூடி மேலயே மார்க்கர்ல எழுதிடுங்க.