‘ரிட்ரெஞ்ச்மென்ட்’: பணிநீக்கமா, ஆட்குறைப்பா?

சிங்கப்பூரில் ‘ரிட்ரெஞ்ச் பண்ணிட்டாங்க’ என்பார்கள். சென்னையில் ‘வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க’. எழுத உட்கார்ந்தால் சிலர் பணிநீக்கம் என்கிறார்கள், சிலர் ஆட்குறைப்பு என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ரிட்ரெஞ்ச்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு. ‘வெட்டுதல்’ என்று பொருள். போர்க்களத்துப் பதுங்குகுழியை ‘டிரெஞ்ச்’ என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். கோட்டைக்குள் இரண்டாவது காப்பாக எழுப்பும் அரணுக்கும் ரிட்ரெஞ்ச்மென்ட் என்று பெயர் உண்டு. செலவை வெட்டுவதையும் இந்தச் சொல் குறித்தது. அப்புறம் ஆளை வெட்டுவதையும்.

படையோடு பழகிய இந்தச் சொல், படை வெளியேறியபோது சிங்கப்பூரின் செம்பவாங்கில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. 1971க்குள் சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தது. அப்போது சிங்கப்பூரின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் பிரிட்டிஷ் படைச் செலவை நம்பி இருந்தது. படைத்தளங்களில் நேரடியாகச் சுமார் 30,000 பேருக்கு வேலை. அவற்றைச் சார்ந்து இன்னும் 40,000 பேருக்குப் பிழைப்பு. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம்.

அவர்களில் யாரும் தப்புச் செய்து வேலையை இழக்கவில்லை. பணிநீக்கம் என்றால் ‘இவன் என்ன செய்தான்?’ என்று கேட்கத் தோன்றும். ஆட்குறைப்பு என்றால் அந்தக் கேள்வியே எழாது. இந்தியாவின் 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டமும் ஒழுங்கு நடவடிக்கையாக ஒருவரை நீக்குவதை ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’ என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்தியது. ஆள் + குறைப்பு, ள் ட் ஆகி ஆட்குறைப்பு. இதுவே சரியான சொல்.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவரைத்தான் அது எண்ணும். அதிகாரி வீட்டில் பிள்ளை வளர்த்த ஆயா, வெள்ளைச் சீருடை வெளுத்த சலவைக்காரர், தளத்து வாசலில் கடை போட்டவர் எல்லாம் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு நேர்ந்தது பிழைப்பிழப்பு. அதை அப்படியே சொல்லலாம்.

தளங்களை வேறு பயன்பாட்டுக்கு மாற்றவென்றே சிங்கப்பூர் அரசு 1968இல் ஒரு தனித்துறை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கடற்படையின் கப்பல் பட்டறை கைமாறி, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் செம்பவாங் ஷிப்யார்ட் ஆனது. வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்புகளும் நடந்தன. இதை ‘மறுபயிற்சி’ என்று எழுதுகிறோம். எனக்கு அது பொருந்தவில்லை. கற்றதையே திரும்பக் கற்பவருக்குத்தான் மறுபயிற்சி. வருடக்கணக்கில் பேரேடு எழுதிய கிளார்க், முகமூடி மாட்டிக்கொண்டு முதல்முறையாக வெல்டிங் குச்சியைப் பிடிக்கிறார் என்றால் அது மாற்றுத்தொழில் பயிற்சி.