60 அங்குல மக்காச்சோளம்: நடுவில் விழும் வெயில் யாருக்கு?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் பெரும்பாலும் 30 அங்குல வரிசைகளில்தான் நிற்கும். குதிரை பூட்டிக் களையெடுத்த காலத்தில் இந்த இடைவெளி 40 அங்குலம் இருந்தது, நடுவே குதிரை நடக்க வேண்டுமே. டிராக்டரும் களைக்கொல்லியும் வந்தபின் வரிசைகள் நெருங்கின. இப்போது அங்கே சிலர் 60 அங்குலம் விட்டு விதைத்து, நடுவில் தட்டைப்பயறு, பக்வீட் (தானியம்போல் விதை தரும் செடி), குளோவர் (தீவனப் பயறுவகைச் செடி), ரைகிராஸ் (தீவனப்புல்) என்று ஊடுபயிர்களைக் கலந்து தூவுகிறார்கள்.

இடைவெளி இரட்டிப்பானாலும் செடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. ஏக்கருக்கு 32,000 செடி என்றால், 30 அங்குல வரிசையில் செடிக்குச் செடி ஆறரை அங்குலம் இருக்கும். 60 அங்குல வரிசையில் அது மூன்றேகால் அங்குலமாகச் சுருங்குகிறது.

இதனால் மாறுவது வெயில் விழும் இடம். நெருங்கிய வரிசைகளில் மக்காச்சோளத் தோகைகள் கோத்துக்கொண்டு தரையை மூடிவிடும். அடியில் விதைத்த குளோவர் வெளிறி மெலிந்துபோகும். அகன்ற வரிசையில் தரைவரை வெயில் இறங்குவதால் ஊடுபயிர் தழைக்கிறது. மக்காச்சோளத்துக்கும் இதில் லாபம் உண்டு. அது சி4 வகைப் பயிர், கடும் வெயிலையும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்திக்கொள்ளும். பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் கீழ்த்தோகைகளும் உழைக்கும்.

ஆனால் வரிசைக்குள் நெருக்கடி கூடிவிடுகிறது. பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, சிவப்புக்கு அடுத்து நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். பக்கத்துச் செடியில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி இந்த மாற்றத்தை உணர்ந்துகொள்கிறது. நிழல் விழுவதற்கு முன்பே செடி போட்டிக்குத் தயாராகித் தண்டை நீட்டத் தொடங்கும். தண்ணீருக்கும் அதே மூன்றேகால் அங்குலத்துக்குள் போட்டி. அயோவா விவசாயிகள் தங்கள் வயல்களிலேயே சோதித்தபோது சிலருக்கு விளைச்சல் அவ்வளவாகக் குறையவில்லை, சிலருக்கு நன்றாகவே குறைந்தது. எனவே இதை விளைச்சலைக் கூட்டும் வழி என்று சொல்வது சரியில்லை.

இயற்கை விவசாயிக்கு இதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் இருக்கின்றன. மண்ணில் தங்கும் களைக்கொல்லி தெளித்த வயலில் ஊடுபயிர் முளைக்கும்போதே கருகக்கூடும். இவர் வயலில் அந்தப் பயம் இல்லை. ஆனால் தரைக்கு இறங்கும் வெயில் களைக்கும் சேர்த்துத்தான். ஆகவே எல்லாம் நேரத்தில் இருக்கிறது. களை மண்ணுக்குள் வெள்ளை நூலாக இருக்கும்போதே கம்பிப்பல் கருவியால் மேல்மண்ணைக் கிளறிவிட வேண்டும். அப்புறம் வரிசை நடுவே ஓரிரு முறை கொத்து. மக்காச்சோளம் நாலைந்து இலை விட்டதும் ஊடுபயிரை விதைப்பார்கள். அதற்கு முன்பே விதைத்தால் அது மக்காச்சோளத்தோடு மல்லுக்கட்டும். தாமதித்தால் அந்த இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும்.

தட்டைப்பயறின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருமே, அது உடனே மக்காச்சோளத்துக்குப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பகுதி அப்படிப் போவதில்லை. அது தட்டைப்பயறின் உடலிலேயே தங்கி, செடி மடிந்து மக்கும்போதுதான் மண்ணுக்கு வரும். பலன் பெறுவது அடுத்த பயிர். இந்தப் பருவத்து மக்காச்சோளத்துக்கு எருவோ, முன்பு மடக்கி உழுத பசுந்தாளோ போட்டே ஆக வேண்டும்.

மாடு வைத்திருப்பவருக்குத்தான் கணக்கு நன்றாகக் கூடிவருகிறது. கதிர் அறுத்தபின் ஊடுபயிரும் மக்காச்சோளத் தட்டையும் சேர்ந்து மேய்ச்சலாகின்றன. குளிர்காலத்துக்கு வாங்கும் வைக்கோல் செலவு குறைகிறது, சாணமும் வயலிலேயே விழுகிறது. மாடு இல்லாதவர் 60 அங்குலத்துக்குப் போகுமுன் வயலின் ஒரு மூலையில் மட்டும் முயன்று பார்ப்பதே நல்லது.