கம்பிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஏழு மில்லிவிநாடி

சவுண்ட் செக்குக்குப் போனபோது மிக்ஸரில் உட்கார்ந்திருந்த அண்ணன் என் தோளில் இருந்த ஒரே பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆம்ப் எங்கே தம்பி? வண்டியில இருக்கா?"

பையிலிருந்து ஐபேடை எடுத்துக் காட்டினேன். "இதுதாண்ணே. ஒரு டி.ஐ. லைன் மட்டும் குடுங்க, போதும்." கருவியின் சிக்னலை நேரே மிக்ஸருக்குக் கொண்டுபோகும் சின்னப் பெட்டிதான் டி.ஐ.

அவர் அடுத்துக் கேட்டது சரியான கேள்வி. "லேட்டன்சி வராதா?" கம்பியைத் தொட்டதற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவே விழும் தாமதத்தைத்தான் கேட்டார்.

எலக்ட்ரிக் கிட்டாருக்கு டேப்லெட்டை நம்பி மேடை ஏறலாமா என்பதற்கு விடை முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. வெற்றிடக் குழாய்களால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஒரு வால்வ் ஆம்ப் 25 கிலோ வரும். அதோடு ஒலியை மாற்ற காலால் மிதிக்கும் நான்கைந்து பெடல்கள், ஒயர்கள். இவை செய்யும் வேலையை எல்லாம் அரைக் கிலோ எடையுள்ள ஒரு பலகை செய்துவிடுகிறது. ஆனால் விரல் கம்பியைத் தொட்டதும் ஒலி வந்தாக வேண்டும். அந்த அவசரத்தை டேப்லெட் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் இதில் உள்ள நல்ல அறிவியல். கம்பியிலிருந்தே போவோம்.

கிட்டார் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான். அந்தச் செம்புக் கம்பி தலைமுடி அளவுதான் இருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. செம்புச் சுருளில் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்.

இந்தச் சிறு சிக்னலை எதில் செருகுகிறோம் என்பதில்தான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். சுருளுக்கு ஒரு குணம் உண்டு: அதிர்வெண் கூடக் கூட அதன் மின்தடுப்பு ஏறிக்கொண்டே போகும். 2.5 ஹென்றி உள்ள ஒரு பிக்கப் 5,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 78,000 ஓம் காட்டும். எதிரே இருக்கும் உள்ளீடு 10,000 ஓம் மட்டும் என்றால், உயர் ஸ்வரங்களின் மின்னழுத்தம் பெரும்பாலும் பிக்கப்பிலேயே தங்கிவிடும். கிட்டார் போர்வைக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும். அதனால்தான் கிட்டாருக்கென்று இருக்கும் உள்ளீடு 10 லட்சம் ஓம் அளவில் இருக்கிறது. எலக்ட்ரிக் வயலின்களில் இருக்கும், அழுத்தத்தை மின்னழுத்தமாக்கும் பீசோ பிக்கப்புக்கு இது தலைகீழ். அது கெபாசிட்டர் போல நடந்துகொள்வதால், குறைந்த உள்ளீட்டில் செருகினால் காணாமல் போவது கீழ் ஸ்வரங்கள். வயலின் ஒல்லியாக, கீச்சென்று ஒலித்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

2010-இல் ஐபேட் வந்த புதிதில் கிட்டாரை ஹெட்போன் ஜாக் வழியாகவே செருகும் அடாப்டர்கள் வந்தன. ஒரே ஜாக்கில் உள்ளே போகும் சிக்னலும் வெளியே வரும் சிக்னலும் ஒரே கிரவுண்டை, அதாவது சிக்னல் திரும்பிப் போகும் பொதுக் கம்பியை, பகிர்ந்துகொண்டன. கிட்டாரை உறும வைக்கும் டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், வெளியே வரும் ஒலி உள்ளே கசிந்து ஊளையிடும். வீட்டில் பழக அது போதும், மேடைக்கு ஆகாது. இப்போது யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டிதான் வழி. சாஃப்ட்வேர் எதுவும் ஏற்றாமல் செருகியவுடன் வேலை செய்யும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்தச் சின்னப் பெட்டி சிக்னலை விநாடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 24 பிட் எண்ணாக மாற்றுகிறது. இனி இசை எண்களாகப் பயணம் செய்யும். காலதாமதம் தொடங்குவது இங்கேதான்.

எண்கள் ஒவ்வொன்றாக டேப்லெட்டுக்குள் போவதில்லை. அவை ஷேர் ஆட்டோவில் போகின்றன. எல்லா சீட்டும் நிரம்பினால்தான் ஆட்டோ கிளம்பும். அந்த ஆட்டோவுக்குப் பெயர் பஃபர். 64 சீட் ஆட்டோ என்றால் நிரம்ப 1.33 மில்லிவிநாடி ஆகும். 256 சீட் என்றால் 5.3 மில்லிவிநாடி. திரும்பி வர இன்னொரு ஆட்டோ வேண்டும், அதற்கும் அதே நேரம். மின்னழுத்தத்தை எண்ணாகவும் எண்ணை மின்னழுத்தமாகவும் மாற்றும் சில்லுகள், யு.எஸ்.பி. வழியில் விடப்படும் இடைவெளி எல்லாம் சேர்த்தால், 64 சீட் ஏற்பாட்டில் போய் வர மொத்தம் ஏழு மில்லிவிநாடி அளவில் முடியும்.

ஏழு அதிகமா? ஒலி காற்றில் ஒரு மில்லிவிநாடிக்கு 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே ஏழு மில்லிவிநாடி என்பது ஆம்பிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். கிட்டார்காரர்கள் காலம் காலமாக அந்தத் தூரத்தில்தான் நிற்கிறார்கள். என் கைக்குப் பத்து வரை ஒன்றும் தெரிவதில்லை. பதினைந்தில் விரல் கனக்கிற மாதிரி இருக்கும். இருபதைத் தாண்டினால் டிரம்ஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசிக்க முடியாததும் இதனால்தான். அதில் நூறு, இருநூறு மில்லிவிநாடி சாதாரணம்.

அப்படியென்றால் ஆட்டோவை இன்னும் சின்னதாக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் கெடு வருகிறது. ஒரு ஆட்டோ இறக்கிவிட்ட 64 எண்களையும், அடுத்த ஆட்டோ வந்து நிற்பதற்குள் டேப்லெட் கணக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும். இது விநாடிக்கு 750 தடவை நடக்கிறது. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் 67 லட்சத்து 50 ஆயிரம் தடவை. ஒரே ஒரு தடவை தவறினாலும் ஸ்பீக்கருக்குப் போக எண்கள் இருக்காது. 'டப்' என்று கூட்டம் முழுவதற்கும் கேட்கும். வீடியோவில் ஒரு ஃபிரேம் விடுபட்டால் கண் மன்னித்துவிடும். காது மன்னிப்பதில்லை.

அதனால் ஆடியோ கணக்குகளுக்கு இயங்குதளம் தனி முன்னுரிமை தருகிறது. ஆப் எழுதுபவர்களும் அந்தப் பகுதியில் கோப்பைத் திறக்க மாட்டார்கள், புதிதாக நினைவகம் கேட்க மாட்டார்கள். தோசைக்கல் காய்ந்த பிறகு கடைக்குப் போய் எண்ணெய் வாங்கிவர முடியாது, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐபேடில் இந்த ஏற்பாடு ஆரம்பத்திலேயே இருந்தது. ஆண்ட்ராய்டில் தாமதம் நூறு மில்லிவிநாடியைத் தாண்டிய காலம் உண்டு. 2017-இல் வந்த 8.0 பதிப்பில்தான் ஏஆடியோ என்ற புதிய வழி கிடைத்தது. இசைக்காரர்கள் இன்றும் ஐபேடைத் தேடுவதற்கு அந்தப் பழைய இடைவெளியும் ஒரு காரணம்.

சரி, அந்த 1.33 மில்லிவிநாடிக்குள் என்னதான் கணக்கு நடக்கிறது?

முதலில் வால்வ் ஆம்பின் நடிப்பு. வால்வை அதன் எல்லைக்குத் தள்ளினால் அலையின் உச்சியை வழவழவென்று மழுக்கும். அந்த மழுங்கலில் மூல ஸ்வரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. ராக் கிட்டாரின் உறுமல் அதுதான். எண்களில் இதைச் செய்யும்போது ஒரு வம்பு உண்டு. விநாடிக்கு 48,000 அளவுகளில் 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் அடங்கும். 7,000 ஹெர்ட்ஸின் ஐந்து மடங்கு 35,000. அது மேலே போக இடமில்லாமல் மடங்கி, 13,000 ஹெர்ட்ஸாகக் கீழே வந்து விழும். படத்தில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிகிறதே, அதே கோளாறுதான். வாசித்த ஸ்வரத்தோடு எந்த உறவும் இல்லாத அபஸ்வரம் அது. அதைத் தவிர்க்க, ஆப் தற்காலிகமாக விநாடிக்கு 1,92,000 என்ற வேகத்துக்கு ஏறி, அங்கே மழுக்கி, வேண்டாததை வடிகட்டிவிட்டு மறுபடி கீழே இறங்குகிறது.

அப்புறம் ஸ்பீக்கர் பெட்டி. புதியவர்கள் அதிகம் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலானதை விழுங்கிவிடும். அது இல்லாமல் டிஸ்டார்ஷனை நேரே மிக்ஸருக்கு அனுப்பினால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம்தான் வரும். ஆகவே ஒரு நல்ல பெட்டியின் முன் மைக் வைத்து, ஒரு கணத் துடிப்புக்கு அது எப்படிப் பதில் சொல்கிறது என்று பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று அதற்குப் பெயர். 40 மில்லிவிநாடி நீளப் பதிவு என்றால் 1,920 எண்கள். வெளியே போகும் ஒவ்வொரு எண்ணுக்கும் 1,920 பெருக்கல். விநாடிக்கு 9 கோடியே 21 லட்சத்து 60 ஆயிரம். ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபூரியர் முறையில் இதை வெகுவாகச் சுருக்கிவிடுகிறார்கள் என்றாலும், நீங்கள் ஒரு ஸ்வரம் மீட்டும்போது அந்தப் பலகைக்குள் நடப்பது இதுதான் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இவ்வளவு உழைத்தால் சூடாகும். ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் திறந்தவெளி மேடை அதற்கு மேல் எளிதாகப் போய்விடும். சூடு ஏறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கணக்கு தாமதமாகும், கெடு தவறும், 'டப்'. நிழலில் வையுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பின்புறம் காற்று பட விடுங்கள். வெயிலில் வாசித்தால் பஃபரை 128-க்கு ஏற்றிவிடுங்கள். ஏழு பத்தாகும், அவ்வளவுதான். ஏர்பிளேன் மோடு கட்டாயம். அழைப்பு ஒன்று வந்தால் இயங்குதளம் ஆடியோவைப் பிடுங்கி அதனிடம் கொடுத்துவிடும், பாட்டின் நடுவே கிட்டார் நின்றுபோகும்.

கால் வேலைக்கு மிடி பெடல். மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்ப 1983-இல் வந்த முறை, இன்னும் அசைக்க முடியவில்லை. பெடலை மிதித்தால் போவது ஒலி அல்ல, 'ஏழாம் எண் டோனுக்கு மாறு' என்ற இரண்டு பைட் கட்டளை மட்டுமே. அதனால் பெடல் மட்டும் புளூடூத்தில் இருந்தாலும் பாதகமில்லை. ஒரு சில மில்லிவிநாடி தாமதத்தைக் கால் கவனிப்பதில்லை.

அன்றைய சவுண்ட் செக்குக்கு வருகிறேன். முதல் கார்டை அடித்ததும் ஸ்பீக்கரில் கிட்டாருக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். நான் ஆப்பில் தேட ஆரம்பித்தேன். இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டை ஏற்றினேன், சிக்னலைப் பெருக்கும் கெயினைக் குறைத்தேன், ஒயரை மாற்றினேன். போகவில்லை. அண்ணன் எழுந்து வந்து, மேசைக்குக் கீழே குனிந்து, ஐபேடின் சார்ஜரைப் பிடுங்கினார். இரைச்சல் அந்தக் கணமே நின்றது. சார்ஜர் ஒரு வழியாகவும் மிக்ஸர் இன்னொரு வழியாகவும் கரன்ட்டின் எர்த்தோடு இணைந்து வட்டம் போட்டிருந்தன. 50 ஹெர்ட்ஸ் அந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப இதைத் தட்டிவிடுங்க," என்று டி.ஐ. பெட்டியில் இருந்த, இரு பக்கத்து எர்த்தையும் பிரித்துவிடும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைக் காட்டினார். தட்டினேன். சார்ஜரை மறுபடி செருகினார். சத்தமில்லை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சிக்னலைக் காந்தப்புலம் வழியாக மட்டும் கடத்துகிறது, இந்தப் பக்கத்து எர்த் அந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. பிக்கப்பில் அதிர்வை மின்சாரமாக்கிய அதே ஃபாரடே விதி, கடைசிப் பெட்டியில் இரைச்சலைத் தடுத்து நிறுத்தியது.

ஆனாலும் கச்சேரி தொடங்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டேன். பேட்டரி 91 சதவீதம் இருந்தது.