குடியேறியவரைப் புலம்பெயர்ந்தவர் ஆக்காதீர்கள்

‘இமிக்ரண்ட்’ (immigrant) என்று ஆங்கில மூலத்தில் கண்டதும் மொழிபெயர்ப்பாளர்கள் ‘புலம்பெயர்ந்தோர்’ என்று எழுதிவிடுகிறார்கள். நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் இதே பாடு.

இடம்பெயர்தலைக் குறிக்கும் ‘மிக்ராரே’ என்ற இலத்தீன் வினையோடு ‘உள்ளே’ என்னும் பொருளுள்ள முன்னொட்டு சேர்ந்து வந்த சொல் அது. ‘வெளியே’ சேர்ந்தால் எமிக்ரண்ட். ஆள் ஒருவரே, விட்டு வந்த நாட்டுக்கு எமிக்ரண்ட், வந்து சேர்ந்த நாட்டுக்கு இமிக்ரண்ட்.

புலம்பெயர்தல் என்றால் தன் நிலத்தை விட்டு நீங்குதல். ஈழத்தை விட்டுப் போனவர்களைப் புலம்பெயர் தமிழர் என்பது மிகச் சரி. ஊரில் நின்று பார்த்துச் சொல்கிற சொல் அது. ‘கனடா புலம்பெயர்ந்தோர்’ என்று எழுதிப் பாருங்கள்: கனடாவை விட்டுப் போனவர்களா, கனடாவுக்கு வந்தவர்களா? ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ என்று சங்க நூலான பட்டினப்பாலை, சோழர் துறைமுகமான புகார் நகருக்கு வந்தவர்களைத்தானே சொல்கிறது என்பார்கள். அவர்கள் அங்கே தங்கியதைச் சொல்வது ‘உறையும்’ என்ற வினை. ‘புலம்பெயர்’ அவர்கள் தம் நாட்டை நீங்கியதை மட்டுமே சொல்கிறது. ‘உறையும்’ என்பதை எடுத்துவிட்டால் அவர்கள் புகாரில் இருந்தார்கள் என்பதே தெரியாது.

குடியேறியவர் என்பதே பொருத்தம். வந்ததும் தங்கியதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இலங்கையில் இதற்கான அரசுத் திணைக்களத்தின் பெயரே ‘குடிவரவு, குடியகல்வு’. இரண்டு திசைக்கும் இரண்டு சொல் என்று எவ்வளவு தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள்! சிங்கப்பூர், மலேசியாவின் ‘குடிநுழைவு’ எல்லையில் நடக்கும் சோதனைக்குப் பொருந்தும். அங்கேயே வாழ்கிறவரைக் குறிக்க உதவாது. ‘குடியேற்றவாசி’ வேண்டாம். இலங்கையில் அது கல்லோயா போன்ற அரசுக் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களை நினைவூட்டும்.

சொல் சரியாக இருந்தும் ஆள் தவறுவதுண்டு. அமெரிக்கச் சட்டப்படி எச்-1பி விசா குடியேற்ற விசா அன்று. பொதுவாக ஆறாண்டு வரம்புள்ள வேலை விசா. கிரீன் கார்டு பெற்றவரே அங்கு குடியேறியவர். அங்கேயே பிறந்த பிள்ளையை ‘இரண்டாம் தலைமுறைக் குடியேறி’ என்பதும் பிழை. அந்தப் பிள்ளை எங்கிருந்தும் வரவில்லை. ‘குடியேறியவரின் மகள்’ என்று எழுதினால் போதும்.

இவற்றையெல்லாம்விடக் கேடானது ‘வந்தேறி’. மூலச் சொல்லில் வசை இல்லை. ‘வந்தேறி’யில் வசை மட்டுமே இருக்கிறது. சுருக்கமான சொல் வேண்டும் என்பதற்காக அதைத் தலைப்பில் போடும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் யாரும் திட்டாத ஒருவரைத் தம் கையால் திட்டுகிறார்.