ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போட்டிருந்தால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் மருந்துக்கடையில் நின்றுகொண்டு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. போன மாதமும் ஒருத்தர். ஐம்பது தாண்டிய வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழில். திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காமல் உள்ளே வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 160-லிருந்து 68-க்கு இறங்கியதும் "கொலஸ்ட்ரால் மாத்திரை"யை நிறுத்திவிட்டார். மறுபடியும் மாரடைப்பு. புதுச் சீட்டோடு வந்த மனைவி சொன்னது: "எல்லாம் நார்மல் ஆயிட்டுன்னு அவியளாத்தான் நிறுத்துனாவ."

அவர் நிறுத்தியது கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டுமல்ல. ஸ்டென்ட் வைத்த பலருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் சேர்த்து ஒரே காப்ஸ்யூலாகத் தருகிறார்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் மருந்தும் அதற்குள்தான் இருக்கிறது. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் எழுதியிருக்கும்; கண்ணாடி போட்டாலும் எளிதில் தெரியாது. தெரியவில்லை என்றால் கேளுங்கள், சொல்வதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்?

சரி, அந்த 'நார்மல்' விஷயத்துக்கு வருவோம். அளவு இறங்கியதே மாத்திரையால்தான். நிறுத்திய சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறும்போது வலிக்காது, தலை சுற்றாது, ஒரு அறிகுறியும் காட்டாது. "நிறுத்தி மூணு மாசம் ஆச்சு, நல்லாத்தான் இருக்கேன்" என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. இன்னொன்று, லேப் தாளில் எல்டிஎல்லுக்கு எதிரே '100-க்குள்' என்று அச்சடித்திருப்பது பொதுவான அளவு. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்கு, 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்கும் கீழே கொண்டுபோகவே டாக்டர்கள் பார்க்கிறார்கள். அவருக்கு 95 என்பது நார்மல் கிடையாது. அந்தத் தாளில், அளவு மீறினால் போடும் தடித்த எழுத்து இல்லை என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போவதுதான் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

இந்த மாத்திரைகள் தாளில் எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் வந்தவையும் அல்ல. இதய நோய் இருந்த 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களிடம் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. அதற்கப்புறம்தான் மருத்துவ உலகமே இதில் தயக்கத்தை விட்டது.

மாத்திரையால் தசை வலிக்கிறதா? டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்தி, பூண்டும் குடம்புளியும் தின்று சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

"நான் ஒல்லி, தினமும் மலையேறிப் பால் வெட்டுறேன், எனக்கு எப்படி கொலஸ்ட்ரால்?" என்பவர்களுக்கு: கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது. சில குடும்பங்களில் அது பரம்பரையாகவே கூடுதல். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஐம்பதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் நீங்கள் ஒல்லியாக இருந்தாலும் பரிசோதனை செய்தே ஆகவேண்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றி இங்கே பேசினால் அடிதான் விழும். ஆனாலும் சொல்கிறேன். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லை ஏற்றும். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. சாளை மீனும் அயிலை மீனும் நல்லதுதான். குழம்பு வையுங்கள், பொரித்த எண்ணெயிலேயே மறுபடி பொரிக்காதீர்கள். பீடியையும் சிகரெட்டையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

எல்லையோரத்தில் மட்டும் அதிகம் பார்க்கும் ஒரு குழப்பம் உண்டு. திருவனந்தபுரத்து டாக்டர் ஒரு கம்பெனி மாத்திரை எழுதுவார், இங்கே மார்த்தாண்டத்து டாக்டர் அதே மருந்தை வேறு பெயரில் எழுதுவார். இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்களும் உண்டு, "எதுன்னு தெரியல" என்று இரண்டையும் விட்டவர்களும் உண்டு. தயவுசெய்து வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.

கடைசியாக 'கேஸ்'. நெஞ்சில் கனம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி. இதோடு கடைக்கு நடந்து வந்து கேஸ் மாத்திரை கேட்கிறார்கள். தர மாட்டேன், 108-ஐத்தான் கூப்பிடுவேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண் ஒன்றுதான். கோபம் வந்தால் ஈசிஜி எடுத்துவிட்டு வந்து திட்டுங்கள்.